வரிச்சுருளும் வாணலியும்
(இளம் அறிவியல், இயற்பியல் – மூன்றாம் ஆண்டு)

‘வரிச்சுருள்’ என்ற சொல்லை நம் துறை நண்பர்கள் நன்கு அறிவார்கள். பிற துறை நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மின்காப்பிட்ட தாமிரக் கம்பியை ஒரு குழாயின்மேல் வரிவரியாக நெருக்கிச் சுற்றினால் அது வரிச்சுருள். மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும். மின்சாரம் நின்றால் காந்தமும் நின்றுவிடும். ஆம்பியர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1820களில் இதற்கு ‘சோலினாய்டு’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் குழாய் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் இதைப் பற்றிய வினாவுக்குப் படம் வரைந்து, பாகம் குறித்து, சூத்திரத்தையும் நிறுவி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் உலகத்தில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஒரு வரிச்சுருளை நேரில் சந்தித்தது சென்ற ஆண்டுதான். அந்தச் சந்திப்பு எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையோடு தொடர்புடையதாகிவிட்டதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு பட்டாபிராமில். அப்பாவுக்கு வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு சிறிய லேத் பட்டறையில் கணக்கு எழுதுவது. அப்பா பிறந்தது 1971இல். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இடது கால் சூம்பிவிட்டது. இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டதென்று 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியபோது தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒலியை மட்டும் சற்றுக் கூட்டி வைத்தார்.

நெடுங்காலம் அவர் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான் போய்வந்தார். ஒரு மழைநாளில் திருமுல்லைவாயில் அருகே சகதியில் வண்டி சரிந்து, நல்ல காலிலும் அடிபட்டது. அதன் பிறகு அம்மா பிடித்த பிடிவாதத்தில், பழைய கார் ஒன்றை 1,60,000 ரூபாய்க்கு வாங்கினோம். தானியங்கி கியர் கொண்ட கார். கிளட்ச் மிதி கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை. வாங்கிய அன்று அப்பா ஆவடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், ஐம்பது வயதில் முதன்முறையாக யாரையும் எதிர்பாராமல் நால்வரை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன் என்றார். அந்த நால்வர் யார் என்று கேட்காதீர்கள். நானும் அம்மாவும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பாட்டியும்தான்.

சென்ற ஏப்ரல் மாதம் அந்தக் காருக்கு நோய் வந்தது.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு குறையும் இராது. ஆவடியைத் தாண்டித் திருமுல்லைவாயில் நெரிசலில் நான்கு முறை நின்று புறப்பட்டால் போதும், வண்டி சோர்ந்துவிடும். சிக்னலில் பச்சை விழுந்தாலும் சுமையேற்றிய மாட்டுவண்டி மேடு ஏறுவதுபோல் முக்கி முனகி நகரும். பின்னால் வருகிறவர்கள் ஆரன் அடிப்பார்கள். சிலர் அடிப்பதோடு நிற்கமாட்டார்கள், வாயையும் திறப்பார்கள். ஆனால் எப்படியோ வேகம் பிடித்துவிட்டால் அறுபதில் சுகமாகப் போகும். பின்னோக்கி எடுத்தாலும் பழுதில்லை. முன்பலகையில் ஒரு சிறு விளக்கு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

நெடுஞ்சாலையோரம் கண்ணாடி முகப்பும் குளிர்சாதனமும் கொண்ட ஒரு பட்டறைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு கருவியைக் காரில் செருகி, துண்டுத்தாள் ஒன்றை அச்சிட்டுத் தந்தார்கள். ‘கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்கிப் பிரித்து மாற்ற வேண்டும். 90,000 ஆகும். வரி தனி’ என்றார் அங்கிருந்தவர். வேறோர் இடத்தில், கியரை ஆளுகின்ற கணினிப் பெட்டி போய்விட்டது, 25,000 ஆகும் என்றார்கள். அப்பா இரண்டு இடத்திலும் ‘சரிங்க, யோசிச்சுச் சொல்றேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? வண்டி வாங்கிய கடனே முடியவில்லை.

மறுநாள் முதல் அப்பா மின்சார இரயிலில் போனார். பட்டாபிராமில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். காலை நேரத்துக் கூட்டத்தை அந்தத் தடத்தில் வரும் நண்பர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் சாப்பாட்டுப் பை. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஏது? நான்காம் நாள் மாலை சட்டைத் தோள் கிழிந்து வந்தார். அன்றிரவு மேசை இழுப்பறையில் பேனா தேடியபோது, படிவம் 29ஐயும் படிவம் 30ஐயும் கண்டேன். வண்டியை விற்றால் பெயர் மாற்றத்துக்கு நிரப்ப வேண்டிய படிவங்கள் அவை. அப்பா தம் பெயரை எழுதிவிட்டு, வாங்குபவர் பெயரை மட்டும் விட்டு வைத்திருந்தார்.

அந்த இழுப்பறையிலேயே கருவி அச்சிட்ட துண்டுத்தாளும் கிடந்தது. அதுவரை நான் அதைப் படிக்கவே இல்லை. ‘பி 0753’ என்ற எண்ணும், ஷிஃப்ட் சோலினாய்டு ‘ஏ’, மின்சுற்றுக் கோளாறு என்ற விளக்கமும் அதில் இருந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோலினாய்டு! நம்முடைய வரிச்சுருள்! தாள் சொல்வது ஒரு சுருளின் மின்சுற்றைப் பற்றி. பட்டறைக்காரர் சொன்னதோ கியர்பாக்ஸ் முழுவதையும் பற்றி. விரல் நகத்தில் நோய் என்றால் ஆளையே மாற்றச் சொல்வதா?

இங்கே தானியங்கி கியரைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. சாதாரணக் காரில் ஓட்டுபவரின் கையும் இடது காலும் செய்யும் வேலையை இதில் எண்ணெய் செய்கிறது. ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளுகிறது. அந்த அழுத்தம் எந்தக் கிளட்சைப் போய் இறுக்குகிறதோ அதற்கேற்ற கியர் விழும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிவித்து, 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வெளிவந்த ‘ஹைட்ராமாடிக்’ இந்த வகையில் முன்னோடி. அதில் கணினியும் இல்லை, வரிச்சுருளும் இல்லை. வண்டியின் வேகத்துக்கு ஏற்ப எண்ணெய் அழுத்தமே கூடிக் குறைந்து கியரைத் தீர்மானித்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்-5 இலகு டாங்கிகளிலும் அதே அமைப்பைப் பொருத்தினார்கள். 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்த ஆவடிக்குப் பக்கத்தில் வசிக்கிற எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி. கணினியின் ஆட்சி பரவியது 1980களில்தான்.

கணினி கட்டளை இடலாம். எண்ணெயைத் தொட அதற்குக் கை இல்லையே. அந்தக் கைதான் சோலினாய்டு. செம்பரம்பாக்கம் ஏரியை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு நீரையும் மதகில் நின்று ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஓர் ஆள் ஆள்கிறார். அதுபோல இந்தச் சிறு சுருள், நடுவிலுள்ள இரும்பு ஊசியை இழுத்து எண்ணெயின் சிறுவழி ஒன்றைத் திறக்கிறது அல்லது அடைக்கிறது. எங்கள் காரில் நான்கு கியருக்கும் சேர்த்து மதகாள் இருவர்தாம்: ‘ஏ’, ‘பி’. ‘ஏ’ மட்டும் வேலை செய்தால் முதல் கியர். இருவரும் செய்தால் இரண்டாவது. ‘பி’ மட்டும் செய்தால் மூன்றாவது. இருவரும் ஓய்ந்தால் நான்காவது. இரண்டு பேரை வைத்து நான்கு வேலை! நம் கணிதத் துறைத் தோழர்கள் இரும எண் என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு மறுநாள் ஆவடி – பூந்தமல்லி சாலையில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனேன். தானியங்கி கியர் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பருத்திப்பட்டில் ஒரு டாக்சி ஓட்டுநர் சொல்லியிருந்தார். அறுபதைக் கடந்தவர்; வெள்ளைத் தாடி; எல்லோருக்கும் அவர் ‘பாய்’. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்று பின்னால் அவரே சொன்னார். தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். ‘பேப்பர் இருக்கட்டும் தம்பி. வண்டிய எடுத்தாங்க. அப்பாவும் வரட்டும். வண்டியோட குணம் ஓட்டறவருக்குத்தான் தெரியும்’ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பாய் முதலில் எண்ணெய்க் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் காட்டினார். சிவப்பு சற்று மங்கியிருந்தது. கருகல் வாடை இல்லை. பிறகு அப்பாவையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால். பூந்தமல்லி வரை போய்த் திரும்புகையில் வண்டி வழக்கம்போல் சோர்ந்தது. நடுவழியில் நிறுத்தச் சொன்னார். ‘சார், இப்ப லீவர எல்-லுக்கு இழுத்துட்டு எடுங்க’ என்றார். அப்பா இழுத்தார். வண்டி பாய்ந்தது! நிஜமாகவே பாய்ந்தது; நான் இருக்கையில் சாய்ந்து விழுந்தேன்.

பாய் பின்னால் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். ‘கிளட்ச் தேஞ்சு போயிருந்தா இந்த இழுப்பு வருமா? எல்-ல போட்டா லீவரே வால்வத் தள்ளி முதல் கியருக்கு வழி விட்டுடும். கம்ப்யூட்டர் தயவு வேணாம். மூணாவதும் நாலாவதும் ஓடறப்பவே தெரியுது. ரிவர்ஸ் நல்லா இருக்கு. காலையில குளிர்ந்த வண்டியில ரெண்டாவதும் விழுது. அப்ப உள்ள எல்லாம் நல்லா இருக்கு சார். சொல்றவன்தான் சரியாச் சொல்லல.’

‘ஏ’ ஓய்ந்து ‘பி’ மட்டும் இயங்கினால் எந்தக் கியர்? மூன்றாவது. நின்ற வண்டியை மூன்றாவது கியரில் கிளப்பினால் முக்காமல் என்ன செய்யும்? எல்லாம் பொருந்தி வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று திரும்பும் வழியெல்லாம், தேவைப்பட்ட இடத்திலும் படாத இடத்திலும், லீவரை ‘எல்’லுக்கு இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வண்டியை இரவு கொட்டகையிலேயே விட்டோம். காலையில் நான் முதல் இரயிலில் ஆவடிக்கு வந்து போய்ச் சேர்ந்தேன். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார் பாய். ‘ஏ’ 13 ஓம். ‘பி’யும் 13 ஓம். பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தால் இரண்டும் ‘டிக், டிக்’ என்று தெளிவாகப் பேசின. நான் அவசரக்காரன். ‘அப்ப சோலினாய்டு நல்லா இருக்கு பாய். கம்ப்யூட்டர்தான் போயிருக்கு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

‘நோயாளி தூங்கறப்ப நாடி பாத்துட்டு ஜுரம் இல்லைன்னுட்டா எப்படி தம்பி? சூட்டுல வர்ற நோவ, சூட்டுலதான் பாக்கணும்.’

அந்தச் சொல் கேட்டதும் எனக்குள் இருந்த இயற்பியல் மாணவன் விழித்துக்கொண்டான். சூடு! தாமிரத்தின் மின்தடை வெப்பத்தால் கூடுமே! அங்கேயே ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். ஒரு டிகிரிக்கு 0.0039 மடங்கு. 30 டிகிரியில் 13 ஓம் என்றால் 85 டிகிரியில் ஏறத்தாழ 16 ஓம். 12 வோல்ட்டுக்கு மின்னோட்டம் 0.92 ஆம்பியரிலிருந்து 0.75க்கு இறங்கும். காந்தவிசை குறையும். ஊசி நகராது. ‘இதுதான் பாய் காரணம்!’ என்று அட்டையை நீட்டினேன்.

பாய் பொறுமையாகக் கேட்டார்; அட்டையையும் வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: ‘கணக்கு சரிதான் தம்பி. ஆனா ‘பி’யும் அதே கம்பி, அதே எண்ணெய், அதே சூடு. அது மட்டும் எப்படி வேல செய்யுது?’

நண்பர்களே, செய்முறைத் தேர்வில் புறத்தேர்வாளர் முன்னால் விழிப்பதுபோல் விழித்தேன். ஒன்றைச் சோதிக்கும்போது அதன் பக்கத்தில் நல்லது ஒன்றையும் வைத்துச் சோதி என்று முதலாண்டிலிருந்து நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நான் எழுதியது நல்ல சுருளுக்கும் பொருந்தும் கணக்கு. அது நோயைச் சொல்லவில்லை, இயல்பைச் சொல்கிறது.

வண்டியைச் செம்பரம்பாக்கம் வரை ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து அளந்து பார்த்தோம். ‘பி’ 16 ஓம். (என் கணக்கு அதில் பலித்தது, பாய் அதைச் சொல்லிக் காட்டவும் தவறவில்லை.) ‘ஏ’யில் மீட்டர் ஒரு நொடி ஒன்றுமே காட்டாமல் நின்றது, கம்பி அறுந்ததற்கு அடையாளம் அது. கனெக்டரைத் தொட்டதும் மறுபடி 15 என்றது. இப்போது ஐயம் இரண்டானது: பழுது சுருளிலா, சுருளுக்குப் போகும் உள்வயரிலா? வெளியே நின்று சொல்ல முடியாது. எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றினார்கள். தட்டிலிருந்த சிறு காந்தத்தில் சாம்பல்நிற மாவு மெல்லியதாகப் படிந்திருந்தது. இரும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பாய் அதை அப்பாவுக்குக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுக்க வைத்தார். வால்வ் பாடியிலிருந்து கழற்றிய இரண்டு சோலினாய்டுகளும் ஆளுக்கொரு கட்டைவிரல் பருமன். இவ்வளவுதானா என்று இருந்தது.

‘எண்ணெயில போட்டுச் சூடு பண்ணிப் பாத்துடலாம். எத்தன டிகிரின்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்’ என்றார் பாய். என் வேலை அப்போது தொடங்கியது.

அடுத்த நாள் நம் ஆய்வகத்தில் 110 டிகிரி வெப்பமானி ஒன்று கேட்டேன். எதற்கென்று சொன்னபோது ஆய்வக உதவியாளர் அண்ணன் நம்பவில்லை. துறைப் பேராசிரியர் நம்பினார். பதிவேட்டில் கையொப்பமும் இட்டார். ‘வாசிப்பு மூன்று முறை எடு. ஏறும்போதும் எடு, இறங்கும்போதும் எடு’ என்று மட்டும் சொன்னார்.

மாலையில் கொட்டகையில் பழைய வாணலி ஒன்று அடுப்பேறியது. அதில் கியர் எண்ணெய். நூலில் கட்டிய இரண்டு சோலினாய்டுகளையும் எண்ணெயில் இறக்கி, மிகச் சிறு தீயில் வைத்தோம். சாலையில் போன ஒருவர் எட்டிப் பார்த்து, ‘இன்னா பாய், பஜ்ஜியா?’ என்றார். வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நான் எண்களைச் சொல்ல, பாயின் சிறிய மகன் மீட்டரைப் படிக்க, நோட்டில் பட்டியல் வளர்ந்தது. 40, 50, 60 டிகிரி. இரண்டும் ஒன்றுபோல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்தன. 72இல் ‘ஏ’ செத்தது. மீட்டர் வெறும் கோடு காட்டியது. பேட்டரிக் கம்பி வைத்தாலும் ‘டிக்’ இல்லை. ‘பி’யோ 90 வரை அசையவில்லை, அதன் ‘டிக்’கும் மாறவில்லை. அடுப்பை அணைத்தோம். 63க்கு இறங்கியதும் ‘ஏ’ ஒன்றும் நடவாததுபோல் உயிர்த்தெழுந்து 14 ஓம் காட்டியது. பேராசிரியர் சொன்னபடி மூன்று முறை. மூன்று முறையும் 70க்கும் 75க்கும் இடையில் போயிற்று, அறுபதுகளில் திரும்பிற்று.

பாய் அதை வைஸில் பிடித்து ஆக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்தார். சுருளின் முனைக்கம்பியை வெளிமுனையோடு சேர்த்திருந்த இடத்தில் பற்று விட்டிருந்தது, சுற்றிலும் கறுப்பு. குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகிவிடும். தலைமுடி புகும் இடைவெளிகூட இல்லை. அப்பாவை இரயிலில் ஏற்றிச் சட்டையைக் கிழித்தது இதுதான்.

ஜி.பி. ரோட்டில் சொல்லி வைத்துப் புதிய சோலினாய்டு வாங்கினோம், 3,400 ரூபாய். எண்ணெய் நான்கு லிட்டர் 2,800. பில்டரும் கேஸ்கெட்டும் 1,100. பாய் கூலியாகக் கேட்டது 1,500. மொத்தம் 8,800. அப்பா 2,000 ரூபாயைக் கூலியாக நீட்டினார். ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்த பாய், ‘தம்பிக்கு ஒரு மீட்டர் வாங்கிக் குடுங்க சார்’ என்றார். அறுத்த சோலினாய்டை எனக்கே தந்துவிட்டார். இப்போது அது நம் துறையின் காட்சி அலமாரியில் இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் பார்த்திருப்பீர்கள்.

வண்டி வந்த மறுநாள் நல்ல வெயில். பிற்பகல் இரண்டு மணிக்கு அப்பா வேண்டுமென்றே அம்பத்தூர் வரை போய்வரலாம் என்றார். நானும் ஏறிக்கொண்டேன். ஆவடி கடந்தது, திருமுல்லைவாயில் வந்தது. சிக்னலில் நின்றோம். பேச்சு இல்லை. இருவரும் முன்பலகை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை விழுந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று கியர் மாறுவது உள்ளங்காலில் தெரிந்தது. அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்து, ‘எவனும் ஆரன் அடிக்கலடா’ என்றார்.

வெப்பமானியை மறுநாளே ஆய்வகத்தில் ஒப்படைத்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் எண்ணெய் வாடை போகவில்லை என்று அண்ணன் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். இழுப்பறையில் இருந்த படிவம் 30 இப்போது காரின் முன்பெட்டியில் இருக்கிறது. அதன் வெற்றுப் பின்பக்கத்தில், எண்ணெய் மாற்றிய தேதியும் அன்றைய கிலோமீட்டரும் அப்பாவின் கணக்கு எழுத்தில் இருக்கின்றன. கீழே அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்.